நான்காம் தசம தானம்

செப்டெம்பர் 4

இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் மூலம் பல்கலைக்கழகத்துக்குத் தகுதிபெறுவோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் அனுமதி பெற்ற கடைசி மாணவரின் இசட் புள்ளியே வெட்டுப்புள்ளி எனப்படுகிறது. அது நான்கு தசம தானங்கள் வரை வெளியிடப்படுவது வழக்கம். இவ்வாண்டுக்கான பட்டியல் இன்று வெளியானது. கண்டி மாவட்டத்துக்குரிய மருத்துவ வெட்டுப்புள்ளியை எட்டக் குறிப்பாளரின் மகளுக்கு 0.0217 குறைந்துவிட்டது.

செப்டெம்பர் 5

வீட்டில் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

செப்டெம்பர் 7

ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரதும் சராசரியைக் கழித்து, மீதியை நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதைக் காட்டும் அளவால், வகுத்தால் வருவது இசட் புள்ளி; மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளது சராசரியே அனுமதிக்குக் கணக்கில் எடுக்கப்படுகிறது. சராசரி 60, நியம விலகல் 10 ஆகவுள்ள பாடத்தில் பெற்ற 80 புள்ளியும், சராசரி 40, நியம விலகல் 15 ஆகவுள்ள பாடத்தில் பெற்ற 70 புள்ளியும் ஒரே பெறுமதியுடையவை. இரண்டும் 2 என்றே வரும். பேராதனைப் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்மொழிந்த இம்முறை 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2011இல் பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றியோரை ஒன்றாகச் சேர்த்துக் கணித்தமை பெருஞ்சர்ச்சையாகி, 2012இல் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பை இரத்துச் செய்தது. எவரை எவரோடு சேர்த்து எண்ணுவது என்பதே வழக்காக இருந்தது. இவ்வளவையும் வகுப்பறையில் ஆண்டுதோறும் விளக்கிவரும் கணித ஆசிரியரான குறிப்பாளர், இன்று மாலை வரை வெட்டுப்புள்ளிப் பட்டியலை நான்கு முறை பார்த்தார், எண் மாறவில்லை.

செப்டெம்பர் 12

நுவரெலியாவிலிருந்து தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய மகளுக்கு மருத்துவ பீடம் கிடைத்துவிட்டது. "மாமா, எனக்குக் கிடைச்சிருச்சு" என்று பிள்ளையே சொன்னபோது குறிப்பாளர் வாழ்த்திய வாழ்த்து உண்மையானதுதான். எனினும், அவளது இசட் புள்ளி தம் மகளுடையதைவிடக் குறைவு என்பதை, அழைப்பு முடிவதற்கு முன்னரே மனம் கழித்துப் பார்த்துவிட்டது. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 வீதம் மாவட்டங்களின் மக்கள்தொகை விகிதத்திலும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையெனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் நுவரெலியா உண்டு, கண்டி இல்லை. புசல்லாவையைத் தாண்டி றம்பொடைக்கு ஏறும் வழியில் எங்கோ மாவட்ட எல்லை கடக்கப்படுகிறது. அங்கே தேயிலையும் மாறுவதில்லை, தொழிலாளர் வாழும் லயமும் மாறுவதில்லை. இது அநீதி என்று இன்றிரவு எழுதப்படுகிறது.

செப்டெம்பர் 13

நேற்று எழுதிய சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதால் அதையும் குறித்துவைக்க வேண்டியுள்ளது. 1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவத்துக்கு 400க்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளியும் சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளியும் பெற வேண்டியிருந்தது. பொறியியலுக்கு அவை முறையே 250, 227. மொழிவாரியாகப் புள்ளிகளைச் சமன்செய்யும் தரப்படுத்தல் என்ற சொல் அந்த ஆண்டுகளில்தான் தமிழரின் மனத்தில் ஆறாத காயமானது. 1974இல் மாவட்ட அடிப்படை சேர்க்கப்பட்டபோது யாழ்ப்பாணத்தின் இடங்கள் மேலும் சுருங்கின. அதுவரை பல்கலைக்கழக வாசலை அரிதாகவே கண்ட பின்தங்கிய மாவட்டங்களுக்கோ, அவற்றுள் தமிழ்பேசும் மாவட்டங்களும் அடங்க, வழி திறந்தது. ஒரே விதி ஒருவருக்குக் கதவாகவும் மற்றவருக்குச் சுவராகவும் இருந்தது. மொழிவாரித் தரப்படுத்தல் பின்னர் கைவிடப்பட்டது, மாவட்டம் நிலைத்துவிட்டது.

செப்டெம்பர் 14

மகள் இன்று பகலுணவு உண்டாள்.

செப்டெம்பர் 21

தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாகக் கண்டிக்கு வரும் பஸ்ஸில், முன்னர் ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பித்த காலத்து மாணவி ஒருத்தியின் தாயைக் குறிப்பாளர் சந்தித்தார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்களால் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்த அந்த அம்மா, மகளைப் பற்றிக் கேட்டபோது, "நம்ம பக்கத்துல தமிழ்ல சயன்ஸ் இல்லைங்களே சேர், அதான் ஆர்ட்ஸ் எடுத்திருச்சு, கெடைக்கல" என்றார். அச்சிறுமி ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்குகளை எவருக்கும் முன்னதாகச் செய்து முடித்துக் கொப்பியை மேசையில் கவிழ்த்து வைப்பவள். கலைத்துறைக்கு மாவட்ட ஒதுக்கீடு கிடையாது. அதன் இடங்கள் முழுவதும் அகில இலங்கைத் திறமை வரிசையிலேயே நிரப்பப்படுகின்றன. பேராதனையில் பஸ் நெரிசலில் நின்றது. பல்கலைக்கழகம் ஹந்தானை மலையடியில், 1952இலிருந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த அம்மா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டெம்பர் 22

55 வீதப் பங்கு மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையைக் கொண்டே பிரிக்கப்படுகிறது. பரீட்சைக்குத் தோற்றியோரின் தொகையைக் கொண்டன்று. ஆகவே கண்டி மாவட்டத்துக்குரிய மருத்துவ இடங்களைக் கணக்கிடும்போது தெல்தோட்டை லயங்களில் வாழும் ஒவ்வொரு தலையும் எண்ணப்படுகிறது. அவ்வாறு சேர்ந்த இடங்களுக்குப் போட்டியிடுவோரோ பெரும்பாலும் விஞ்ஞான ஆய்வுகூடமும் ரியூஷன் வகுப்பும் உள்ள நகரப் பாடசாலைப் பிள்ளைகள். குறிப்பாளரின் மகள் மூன்று ஆண்டுகளாகக் கண்டி நகரில் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் தனித்தனியே ரியூஷன் சென்றாள்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

செப்டெம்பர் 30

0.0217 இன்னும் வலிக்கிறது. வேறொருவரின் இழப்பு பெரிது என்று அறிவதால் அது சிறிதாகிவிடவில்லை.

ஒக்டோபர் 3

தங்கை மகளுக்கு ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கிக் கொடுக்க வேண்டுமென்று மகளே சொன்னாள். பின்னர் உயிரியல் கடந்தகால வினாத்தாள் தொகுப்பை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை மட்டுமே தோற்றலாம். அவளுக்கு அடுத்தது மூன்றாவது.