மறைத்து வைத்த மனிதர்கள்

ஜூலை 8, திங்கள்

இந்தப் பருவத்துக்கு முதல் நாவல் சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. நோட்ஸ் வாங்கிப் படித்தாலே பாஸாகிவிடலாம் என்றார் சீனியர் அக்கா ஒருவர். நான் நூலகத்திலிருந்து நாவலையே எடுத்து வந்துவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு ஆறு பக்கம்தான் நகர்கிறது. அகராதியைப் புரட்டிப் புரட்டிக் கை ஓய்ந்துவிட்டது, ஆனாலும் மூடி வைக்க மனம் வரவில்லை. கென்ட் பகுதியின் சதுப்பு நிலம், பெற்றோரின் கல்லறை அருகே தனியாக நிற்கும் சிறுவன் பிப், கால்விலங்கோடு அவன் மேல் பாயும் கைதி. 1860 டிசம்பர் முதல் மறு ஆகஸ்ட் வரை வாரத் தொடராக வந்த கதை இது. எங்கள் தெரு டீச்சரம்மா தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. லண்டனிலும் அப்படி யாராவது தைத்து வைத்திருப்பார்கள்.

கொல்லர் வீட்டில் வளரும் பிப், பணக்கார வீட்டுப் பெண் எஸ்டெல்லாவோடு சீட்டாடப் போகிறான். ஒரு சீட்டுக்கு அவன் தன் ஊரில் சொல்லும் பெயரைச் சொல்ல, அவள் சிரிக்கிறாள். அவன் கை முரட்டுக் கை என்கிறாள், பூட்ஸ் கனத்த பூட்ஸ் என்கிறாள். அதுவரை தன் கையைப் பற்றி நினைத்தே பார்க்காத பையன், அன்றுதான் அதைப் பார்த்து வெட்கப்படுகிறான். வகுப்பில் வாய் திறக்கப் பயந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறவள் நான். ஆங்கிலம் பிறந்த ஊரிலேயே ஒரு பையன் ஒரு சொல்லுக்காகக் கூனிக் குறுகியிருக்கிறான் என்பது இன்று எனக்குப் பெரிய துணையாக இருக்கிறது.

ஜூலை 20, சனி

இருபத்தேழாம் அத்தியாயம். படித்து முடித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

யாரோ தரும் பணத்தில் பிப் லண்டனில் கனவானாகிவிட்டான். அவனை வளர்த்த கொல்லர் ஜோ பார்க்க வருகிறார். தொப்பியை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கணப்படுப்பின் மேல்விளிம்பில் வைக்கிறார், அது விழுந்துகொண்டே இருக்கிறது. வளர்த்த பிள்ளையையே ‘சார்’ என்று அழைக்கிறார். பணம் கொடுத்து இவர் வருகையைத் தடுக்க முடியுமானால் கொடுத்திருப்பேன் என்று பிப் நினைக்கிறான்.

இதை இந்த நோட்டிலாவது எழுதிவிட வேண்டும். ஜூன் மாதம் என்னை விடுதியில் சேர்க்க அப்பா வந்தார். அப்பா கொத்தனார். வரவேற்பறையில் மற்றவர்களின் பெற்றோர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அப்பா மட்டும் சுவரோரம் நின்று, பூச்சின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “சும்மா இருங்கப்பா” என்று பல்லைக் கடித்தபடி சொன்னேன். கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். அன்று இரவு அறைத்தோழி, “அப்பா என்ன பண்றாங்க?” என்று கேட்டாள். “பில்டிங் கான்ட்ராக்டர்” என்றேன்.

நூற்றறுபது வருடத்துக்கு முன் எழுதிய ஒருவர் எங்கள் வரவேற்பறையில் நின்று பார்த்திருக்கிறார்.

ஜூலை 28, ஞாயிறு

டிக்கன்ஸுக்கு இந்த வெட்கம் எப்படித் தெரிந்தது? நூலகத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1824இல், பன்னிரண்டு வயதில், தேம்ஸ் கரையில் பூட்ஸ் பாலிஷ் தயாரிக்கும் கிடங்கு ஒன்றில் வேலைக்கு அனுப்பப்பட்டிருக்கிறார். நாள் முழுக்கப் புட்டிகளில் லேபிள் ஒட்டும் வேலை. அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறையில். பின்னாளில் உலகமே கொண்டாடிய அந்த எழுத்தாளர் இதைத் தன் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் மட்டும் சொன்னார். 1870இல் டிக்கன்ஸ் இறந்தபின் ஃபார்ஸ்டர் எழுதிய நூலில்தான் ஊருக்குத் தெரிந்தது.

வாயால் சொல்ல முடியாததை அவர் பிப்பை வைத்துச் சொல்லிவிட்டார். பிப்பை அவர் தப்பிக்க விடாததற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்கும். அவனைக் கனவானாக்கிய பணம் எஸ்டெல்லாவின் உலகத்திலிருந்து வந்ததில்லை; நியூ சவுத் வேல்ஸுக்கு நாடுகடத்தப்பட்ட அதே கைதி அங்கே ஆடு வளர்த்துச் சம்பாதித்தது. கடைசியில் பிப்பின் கடனை, 123 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸை, சத்தமில்லாமல் கட்டிவிட்டு விடியற்காலையில் கிளம்பிப் போகிறவர் ஜோ.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

‘ஜேன் அயர்’ முடித்தேன். 1847இல் சார்லட் பிரான்டி இதை கரர் பெல் என்ற பெயரில் வெளியிட்டார். பெண் எழுத்து என்றால் வேறு அளவுகோல் வைப்பார்கள் என்று தெரிந்து தன் பெயரையே மறைத்திருக்கிறார். அநாதைப் பெண் ஜேன், அழகில்லை, பணமில்லை. ஆனால் முதலாளி ராசெஸ்டரின் முகத்துக்கு நேராக நின்று, நானும் உங்களுக்குச் சமமான உயிர் என்கிறாள். அந்த இடத்தை மூன்று முறை படித்தேன்.

ஆனால் மேல்மாடியில் பூட்டிய அறை ஒன்று இருக்கிறது. ராசெஸ்டரின் முதல் மனைவி பெர்த்தா அங்கே அடைபட்டிருக்கிறாள். ஜமைக்காவிலிருந்து சொத்தோடு கட்டிக்கொண்டு வந்த பெண். சிரிப்பும் உறுமலும் கேட்கின்றன. தன் கதையைத் தானே சொல்ல அவளுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. இந்த நாவலில் நம் நாடும் வருகிறது: மதப்பணிக்கு இந்தியா போகவிருக்கும் ஒருவருக்காக ஜேன் இந்துஸ்தானி படிக்கிறாள். அந்த வரியில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்தேன். எனக்கு ஜேனைப் பிடித்திருக்கிறது. பெர்த்தாவை விட்டுவிட்டு அவளோடு போகவும் முடியவில்லை.

பெர்த்தாவைப் பற்றிப் பேராசிரியரிடம் கேட்டேன். ஜீன் ரீஸின் ‘வைட் சர்காசோ சீ’ நாவலைக் கொடுத்தார். கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ரீஸ், 1966இல் பெர்த்தாவைப் பேச வைத்திருக்கிறார். நூற்றுப்பத்தொன்பது வருடம் கழித்து அந்தப் பூட்டைத் திறந்தது, இன்னொரு வாசகியின் கைதான்.

ஆகஸ்ட் 24, சனி

தாமஸ் ஹார்டியின் ‘ஜூட் தி அப்ஸ்க்யூர்’, 1895இல் வந்தது. பாடத்தில் இல்லை, பேராசிரியர் படிக்கச் சொன்னார். தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? வெளிச்சம் படாத ஜூட் என்று வைத்துக்கொள்கிறேன்.

ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டே லத்தீன் படிக்கிற பையன். ஆக்ஸ்ஃபோர்டை மனத்தில் வைத்து ஹார்டி படைத்த கிறைஸ்ட்மின்ஸ்டரில் படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. பிழைப்புக்குக் கல்வேலை கற்றுக்கொண்டு அந்த ஊருக்கே போகிறான். ஐந்து கல்லூரித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதுகிறான். ஒரே ஒரு பதில் வருகிறது: உன் தொழிலிலேயே இரு, அதுதான் உனக்கு நல்லது. எனக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. ஹார்டியின் அப்பாவும் கொத்து வேலைக்காரர்தான். ஹார்டி பல்கலைக்கழகம் போனதில்லை. 1920இல், எண்பதை நெருங்கும் வயதில், ஆக்ஸ்ஃபோர்டு அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

இரவு அப்பாவுக்கு போன் பண்ணி முழுக் கதையையும் சொன்னேன். இதுவரை நான் படிக்கிற எதையும் அவரிடம் சொன்னதில்லை. குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அந்தப் பையனுக்கு அப்புறம் எடம் கெடச்சுதா பாப்பா?”

“இல்லப்பா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அந்த காலேஜுல எல்லாம் அவன் வேல பாத்திருக்கானா?”

“ஆமாப்பா. பழைய செவுத்துக்குக் கல்லு செதுக்கிக் குடுப்பான்.”

“அப்ப அவன் கை அங்க இருக்குல்ல” என்றார் அப்பா.

வகுப்பில் இப்படி ஒரு விளக்கத்தை நான் கேட்டதில்லை. போனை வைத்ததும் முதல் வேலையாக அறைத்தோழியிடம், “எங்கப்பா கான்ட்ராக்டர் இல்ல, கொத்தனார்” என்றேன். அவள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “சரி, அதுக்கு ஏன் இவ்ளோ வேர்க்குது?” என்றாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் அப்பா வந்திருந்தார், அம்மா கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாயோடு. வரவேற்பறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. ஜூன் மாதம் நான் சொன்னதை அவர் மறக்கவில்லை.

ஜோவிடம் பிப் மன்னிப்புக் கேட்கும் இடம் எனக்கு மனப்பாடம். ஆனால் வாயில் அந்தச் சொற்கள் வரவில்லை. “அப்பா, இந்தச் செவுத்தப் பாத்துச் சொல்லுங்க. பூச்சு எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

என் முகத்தை ஒருமுறை பார்த்தார். எழுந்து போய் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். ஒரு கண்ணை மூடி, மூலைவரை நோட்டம் பார்த்தார். தோழியும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அப்பா அவளைக் கூப்பிட்டு, ரசமட்டம் இல்லாமலே சுவரின் மட்டத்தைக் கண்ணால் பிடிப்பது எப்படி என்று காட்டினார்.

“யாரு பூசுனதோ தெரியல” என்றார். “நல்ல கை பாப்பா.”