பெட்டியும் வயரும் சேர்ந்தே ஆடட்டும்

சென்னையில் செய்த 500 சிசி புல்லட்டை மேற்கு சிட்னியின் டூங்காபியில் உள்ள என் கராஜுக்குக் கொண்டுவந்து, ஜிபிஎஸ் டிராக்கரோ கூடுதல் விளக்குக்கான கன்ட்ரோலரோ பொருத்தித் தரச் சொல்வார்கள். நான் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதன் வயரைத்தான் பார்ப்பேன்.

அந்த வண்டிக்கு ஒற்றை சிலிண்டர். அதிர்வைச் சமன்செய்யும் பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் பிஸ்டன் நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும். ஒரு மணி நேரத்தில் 1,80,000 குலுக்கல். ஞாயிறு காலை பழைய பசிபிக் நெடுஞ்சாலையில் ஒருமுறை போய்வந்தாலே கணக்கு லட்சங்களில் ஏறிவிடும்.

அடியில் ஃபோம் வைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கனமான பொருளுக்கு அது உதவும். ஐம்பது கிராம்கூட இல்லாத பெட்டிக்கு அந்த ஃபோம் கிட்டத்தட்டக் கல்தான். அதை அமுக்கி நெளியவைக்கும் எடை பெட்டிக்கு இல்லை. கைபேசியின் கதை வேறு. அதன் கேமரா லென்ஸ் உள்ளே அசையும்படி அமைந்தது. மோட்டார் சைக்கிளின் பலத்த அதிர்வு ஐஃபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிளே எச்சரித்தது. மெல்பர்ன் நிறுவனமான குவாட் லாக் அதற்கென்றே தனி அதிர்வுதாங்கி விற்கிறது.

நான் பார்த்தவரை, சிறு பெட்டிகள் பெரும்பாலும் வயர் வெளியே வரும் இடத்தில்தான் சாகின்றன. பெட்டி ஒரு பக்கம் ஆட, வயர் இன்னொரு பக்கம் ஆட, செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். சால்டர் வைத்த இணைப்பில் இன்னும் சீக்கிரம். உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடிகிற இடத்தில் வயர் முறியும். அதனால் வண்டியில் நான் கிரிம்ப் மட்டுமே போடுகிறேன். பெட்டியையும் அதிலிருந்து வரும் முதல் ஐந்து சென்டிமீட்டர் வயரையும் ஒரே தகட்டில் கட்டுவேன். இரண்டும் எப்படி ஆடினாலும் ஒன்றாகவே ஆட வேண்டும். அதைத் தாண்டிச் சின்ன வளையமாகத் தளர்வு விட்டு, அப்புறம்தான் மெயின் ஹார்னஸோடு கட்டுவது. ஜிப் டையை முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது, அது வயரின் தோலைக் கடித்துவிடும். கீழே ஒரு சுற்று சிலிகோன் டேப் போட்டுவிட்டு, விரலால் இழுக்கிற அளவுக்கு இறுக்கினால் போதும்.

இரட்டைப் பக்க டேப்புக்குப் பொறுமை வேண்டும். இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக அழுத்தி ஒட்ட வேண்டும். நல்ல அக்ரிலிக் ஃபோம் டேப் இருபது நிமிடத்தில் பாதிப் பலம்தான் பெறும். முழுப் பலத்துக்கு 72 மணி நேரம். மெல்பர்னின் ஜூலைக் காலையில் தகடு 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஒட்டியதுபோலத் தெரியும், பிடிக்காது. ஹேர் டிரையரால் சூடாக்கிக்கொள்ளுங்கள். எங்கள் மேற்கு சிட்னியில் பிரச்சினை தலைகீழ். 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி அடித்தது. அப்படிப்பட்ட வெயிலில் நிற்கும் வண்டியின் சீட்டுக்கு அடியில் மலிவான டேப்பின் பசை இளகி வழுகும். டேப்பை மட்டும் நம்பி எதையும் விடமாட்டேன், மேலே ஒரு பட்டையும் உண்டு.

முதல் நெடும்பயணம் முடிந்ததும் சீட்டைக் கழற்றி, கட்டுகளுக்குப் பக்கத்தில் வயரின் தோல் பளபளக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். பளபளத்தால் அங்கே ஏதோ உரசுகிறது. இன்னொரு கட்டு போட வேண்டிய இடம் அதுதான்.