கோடிழந்த சப்பாத்து

கனடாவில் வாழும் நம் தமையனாரின் மகன் 2015 ஆம் ஆண்டு மார்கழியில் ஊர் வந்தபொழுது, “சித்தப்பா, இனி உங்கள் குதிக்கால் நோகாது” என்று கூறிச் சப்பாத்துச் சோடியொன்றை நம் முன் வைத்தான். அதே கறுப்புக் கன்வஸ், கணுக்காலை மூடும் அதே உயரம், அதே நட்சத்திரம். ஆயினும், நெடுநாள் நண்பரொருவர் மீசையை மழித்துவிட்டு வந்து நின்றாற்போல ஏதோ குறைந்திருந்தது.

பழைய ‘ஓல் ஸ்டார்’ சப்பாத்தை அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுவோம். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்த கொன்வேர்ஸ் நிறுவனம் 1917 இல் அதனை ஆக்கிற்று. கூடைப்பந்தாட்டக்காரரான சக் ரெயிலர் அதன் விற்பனையாளராகி, ஊரூராய்ச் சென்று ஆட்டமும் கற்பித்தார், சப்பாத்தும் விற்றார். பின்னர் அவர் கையொப்பமே நட்சத்திரத்தோடு சேர்ந்தது. கன்வஸ், றப்பர் அடி, கயிறு கோக்கும் உலோக வளையங்கள்: அதன் உடைமை ஏறக்குறைய அவ்வளவே.

கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடம் வாங்கிய அத்தகைய சோடியொன்றுடன் நம் தமையனார் கல்லூரி அணிக்கு ஆடினார். அது நமக்கு வந்தபோது இரண்டு அளவு பெரிது. முனையிற் பழந்துணி திணித்துக்கொண்டு நாமும் ஆடினோம், வென்றோமென்று சொல்வதற்கில்லை.

கொன்வேர்ஸ் 2003 இல் நைக்கியின் கைக்குச் சென்றது. 2015 இல் வந்த இந்த இரண்டாம் வடிவத்தில் அடிவிளிம்பின் கோடுகள் மறைந்தன, வளையங்கள் துணியின் நிறத்தையே பூசிக்கொண்டன, நட்சத்திரம் நூல்வேலையாயிற்று. உள்ளேயோ, ‘லூனார்லோன்’ என்னும் நைக்கியின் மென்னுரை மெத்தை! எளிமை கருதிக் களைந்தது வெளியே, சேர்த்ததெல்லாம் உள்ளே. மெய்யாக எளியது எது என்று கேட்டால், மெத்தையே அறியாத பழையதைத்தான் காட்டுவோம். அந்த மெல்லிய கோடுகள் சப்பாத்தின் பாரத்தைக் கூட்டவில்லை. உருவத்துக்கு ஓர் எல்லை வகுத்தன. அவற்றை அழித்தது வீண் சிக்கனம் என்பதே நம் எண்ணம்.

பெட்டகத்திலிருந்து பழைய சோடியை எடுத்து அருகில் வைத்தோம். றப்பர் வெடித்து மஞ்சளித்துக் கிடந்தது. தந்தையைப் பதின்மூன்று வயதில் இழந்த பிள்ளை அந்தக் கோட்டின் மீது விரலை ஓட்டினான். பிறகு காலை நுழைத்துப் பார்த்தான். அளவு சரியாயிருந்தது.

மறுநாட் காலை புதியதை அணிந்து கடற்கரைவரை நடந்தோம், குதிக்கால் நோகவில்லை. பழையதை அவன் கனடாவுக்குக் கொண்டு சென்றான்.