முந்நூறு சர்வர்க்காரிக்கு

அன்புள்ள யாழினிக்கு,

இங்கே எல்லோரும் நலம். தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடப்போனால்தான் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆச்சி உன்மேல் கோபமாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்துவிட்டு, "பெங்களூரு போனவளுக்கு ஒரு போன் பண்ண நேரமில்லையாம்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

எனக்கு மட்டும் பண்ணினாய். "சித்தி, ஒரே கமாண்டுல முந்நூறு சர்வரையும் ரீஸ்டார்ட் பண்ணிட்டேன்" என்று நீ சிரித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. நம் வீட்டில் இந்தத் தொழில் தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் திட்டாவிட்டால் உன்னை யார் திட்டப்போகிறார்கள்?

ஒன்று கேட்கிறேன். அந்த முந்நூறும் எது எது என்று, என்டர் தட்டும் முன்பு பார்த்தாயா? நீ 'ஆல்' என்று போட்டாயே, அதற்குள் டெஸ்ட் மெஷின், பேக்கப் மெஷின், வேலையை விட்டுப்போன எவனோ சேர்த்துவிட்டு மறந்த மெஷின் எல்லாம் உட்கார்ந்திருக்கும். கமாண்டு சரியா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அது எங்கே போகப்போகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. நீ ஓட்டுகிற ஆன்சிபிளிலேயே லிஸ்ட்-ஹோஸ்ட்ஸ் என்று ஓர் ஆப்ஷன் உண்டு. எதையும் ஓட்டாது, பெயர்களை மட்டும் காட்டும். முதலில் அதைப் போட்டுக் கடைசி வரி வரை படி. பிறகு லிமிட் போட்டு ஒரே ஒரு சர்வரில் ஓட்டு. அதற்குள் நீயே போய், சர்வீஸ் எழுந்துவிட்டதா, லாக்கில் என்ன வருகிறது என்று பார். அப்புறம் பத்து. அப்புறம் மிச்சம்.

பிளேபுக்கில் 'சீரியல்' எழுதிவிட்டால் அதுவே கொத்துக் கொத்தாகப் போகும். ஒரு கொத்து மொத்தமாகத் தோற்றால் அங்கேயே நின்றுவிடும். இதை ஃபோர்க்ஸோடு குழப்பிக்கொள்ளாதே. சும்மா விட்டால் ஆன்சிபிள் ஒரே நேரத்தில் ஐந்து சர்வரைத்தான் தொடும் என்பது உண்மைதான். ஆனால் முதல் ஐந்தும் விழுந்தாலும் அடுத்த ஐந்துக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

"செக் மோடுல ஓட்டிப் பாத்தேன், எல்லாம் ஓகே வந்துச்சு" என்றும் சொன்னாய். அடி அசடே! ஷெல் மாட்யூலில் எழுதிய கமாண்டைச் செக் மோடு தொடாது, தாண்டிப் போய்விடும். ஒன்றும் ஓடவில்லை, அதனால் ஒன்றும் தப்பாகவில்லை, அவ்வளவுதான்.

உன்னைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 ஸ்டோரேஜ் டீமில் ஒருவர், பில்லிங் தொடர்பான சில சர்வர்களை எடுப்பதற்காக ஒரு கமாண்டு ஓட்டினார். அனுமதி உள்ளவர், எழுதி வைத்த முறைப்படிதான் செய்தார். கொடுத்த உள்ளீட்டில் ஒன்று பிசகி, நினைத்ததைவிட நிறைய சர்வர்கள் கழன்றுவிட்டன. வட வர்ஜீனியாவில் எஸ்3 மறுபடி சீராக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இதில் வேடிக்கை, எது விழுந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்லும் அவர்களுடைய பலகையே எஸ்3யை நம்பி இருந்ததால் அதையும் மாற்ற முடியவில்லை. எனக்குப் பிடித்தது பிறகு அவர்கள் செய்ததுதான். "இனிமேல் கவனமாக இரு" என்று ஆளுக்குப் புத்தி சொல்வதோடு விடாமல் கருவியையே மாற்றினார்கள். இப்போது அது மெதுவாகத்தான் சர்வர்களை எடுக்கும். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகச் சொன்னால் மறுத்துவிடும். உங்கள் ஸ்கிரிப்ட்டிலும் அப்படி ஒரு வேலி போட்டுவை. இருபது சர்வருக்கு மேல் போனால் நின்று கேட்கட்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எந்த சர்வர் பதிலே சொல்லவில்லை என்று பார்த்தாயா? பட்டியல் ஃபைலை வொய்ல் லூப்பில் படித்து உள்ளே எஸ்எஸ்ஹெச் போடுவது எல்லோரும் எழுதுகிற ஸ்கிரிப்ட்தான். முதல் சர்வருக்குப் போன எஸ்எஸ்ஹெச், பட்டியலில் மிச்சம் இருப்பதையும் தன் இன்புட் என்று நினைத்து விழுங்கிவிடும். ஒரே ஒரு சர்வரில் ஓடி ஸ்கிரிப்ட் முடிந்துவிடும். ஒரு எரர் வராது. மைனஸ் என் போட்டால் தீர்ந்தது, ஆனால் போட வேண்டும் என்று தோன்றினால்தானே! ஆன்சிபிளில் கடைசியில் வரும் ரீகேப்பிலும் பச்சையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதே, 'அன்ரீச்சபிள்' எத்தனை என்று எண்ணு.

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம் கவிழ்ந்தது இப்படித்தான். எட்டு சர்வரில் புது புரோகிராமைப் போட வேண்டும். ஏழில் போட்டார்கள், ஒன்று விட்டுப்போனது. அந்த ஒன்றில் தூங்கிக்கொண்டிருந்த பழைய கோடு விழித்துக்கொண்டு ஆர்டர்களாக அனுப்பித் தள்ளியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் போயிற்று. போட்டதை இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கம் அங்கே இல்லை என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. உன் டீமிலும் இல்லையென்றால் நீயே ஆரம்பி. பக்கத்து சீட்டில் இருப்பவரிடம், "இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கேட்டால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. அவசரம் என்று மேனேஜர் கத்தினால் கத்தட்டும்.

ஒரு சின்ன வேலை தருகிறேன், நாளைக்கே செய். உன் லினக்ஸ் லேப்டாப்பில் பாஷ் ஷெல்லிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக ஏதாவது ஒரு டெஸ்ட் சர்வரில் ஹோஸ்ட்நேம் வேரியபிளை எக்கோ பண்ணிப் பார். இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் உன் லேப்டாப்பின் பெயர் வரும். ஒற்றை மேற்கோளுக்குள் போட்டால்தான் சர்வரின் பெயர் வரும். இரட்டைக்குள் இருக்கும் டாலர் குறியை உன் மெஷினே முதலில் விரித்துவிட்டு அனுப்புகிறது. அங்கே எக்கோவுக்குப் பதில் ஆர்எம் இருந்து, வேரியபிள் உன் பக்கம் காலியாகவும் இருந்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி.

எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கை மாற்றும் நாளில் இன்னும் கவனம். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தி, எதிர்வீட்டு மாமா ஓடு பிரித்து இறங்கின கதை உனக்கு மறந்திருக்காது. முந்நூறு வீட்டுக்கு ஓடு பிரிக்க ஆள் கிடையாது. உள்ளே இருக்கும் செஷனை மூடாதே; இன்னொரு டெர்மினலில் புதிதாக நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகு மூடு.

உன் அம்மாவுக்குக் கல்யாணமான 1995இல்தான் பின்லாந்தில் தாத்து யுலோனன் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். அவருடைய பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதில் பிறந்தது அது. டெல்நெட்டில் பாஸ்வேர்டு மூடிமறைப்பு இல்லாமல் அப்படியே போகும், நான் அந்தக் காலத்தையும் பார்த்தவள். உன் எஸ்எஸ்ஹெச் கீக்கு பாஸ்ஃபிரேஸ் போட்டிருக்கிறாயா? எட்டாம் வகுப்பு முடிவதற்குள் மூன்று குடை தொலைத்தவளின் லேப்டாப்பில் முந்நூறு சர்வருக்கான சாவி இருக்கிறது என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருமா?

நைட் ஷிஃப்டில் காபியாகக் குடித்துத் தள்ளாதே. விடியற்காலை மூன்று மணிக்குக் கண் சொருகும்போது பெரிய வேலை எதையும் தொடாதே, காலை வரை தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடு.

இன்வென்டரியைப் பார்த்துவிட்டு, அதில் எத்தனை யாருக்குமே சொந்தமில்லாத மெஷின் என்று எனக்கு எழுது. பொங்கலுக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்றா? அந்த வாரத்து ஆன்-கால் டியூட்டியை உன் தலையில் கட்டாமல் இப்போதே பேசி வைத்துக்கொள்.

அன்புடன்,
சித்தி