இறுக்கியவர் ஒருவர், கழற்றுபவர் ஒருவர்

சென்னையில் கார் துணைச்சாமான்களுக்கு ஜி.பி. ரோடு, பழைய உதிரி பாகங்களுக்குப் புதுப்பேட்டை என்பது ஊரறிந்த விஷயம். இந்தக் கடைத்தெருக்களிலும் நெடுஞ்சாலையோரத்துப் பஞ்சர் கடைகளிலும் நடக்கும் வேலையைக் கவனித்து வருகிறேன். அலாய் வீல் போட்ட கார் வந்து நின்றால், ஜாக்கியைத் தொடும் முன்பே கடைக்காரர் கேட்பது, “சார், லாக் நட் சாவி இருக்குதா?” என்பதைத்தான். சக்கரத்துக்கு நான்கோ ஐந்தோ நட் இருக்கும். அவற்றில் ஒன்றின் தலையில் மட்டும் வளைந்து நெளிந்த பள்ளம் வெட்டியிருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் பொருந்தும் சாவி இருந்தால்தான் சக்கரம் கழலும். சாவி தொலைந்தாலோ அதன் விளிம்பு மழுங்கினாலோ, திருடனுக்கென்று போட்ட பூட்டு பஞ்சர் ஒட்டுகிறவர் தலையில் விடிகிறது. நட் அடம்பிடித்தால் துருவைக் குற்றம் சொல்வார்கள், அல்லது கழற்றுகிறவரின் கையைக் குற்றம் சொல்வார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. பெரும்பாலான லாக் நட்டுகள் கழற்றும்போது கெடுவதில்லை; அதற்கு முந்தைய முறை இறுக்கியபோதே கெட்டுவிட்டவை.

கணக்குப் போட்டால் இது விளங்கும். சிறிய, நடுத்தரக் கார்களின் வீல் நட்டை ஏறக்குறைய 85 முதல் 130 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் போதும். சரியான அளவு காரின் கையேட்டில் இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 30 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றாலே 175 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும். டயர் கடையில் ஓடும் அரை அங்குல ஏர் கன்னில் 500-ஐத் தாண்டுபவை சாதாரணம். நட்டைத் திருகும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நட் ஏறும் ஸ்டட்டை இழுத்துச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. மீதியெல்லாம் மரையிலும், நட்டின் கூம்பு வந்து அமரும் இடத்திலும் உராய்வாகப் போய்விடும். அதன்மேல் மழைநீரும் பிரேக் தூசியும் சேர்ந்தால் உராய்வு இன்னும் ஏறும். எஃகு நட்டும் அலுமினிய அலாயும் தொடுகிற இடத்தில் ஈரம் தங்கினால் அரிப்பு வேறு. துருவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அளவோடு இறுக்கிய சாதாரண நட் துருவேறினாலும், ஆறு பட்டையையும் பிடித்து நெம்பிவிடலாம். லாக் நட்டின் பள்ளம் ஆழம் குறைந்தது. பிடிக்க இடம் கொஞ்சம்தான். நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் அறைகிற கன்னில் அந்தச் சாவியை மாட்டினால், சாவி விரிசல் விடும், இல்லையென்றால் பள்ளத்தின் விளிம்பு உருண்டுவிடும். லாக் நட்டில் ஏர் கன்னைப் பயன்படுத்தாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

கழற்றும் வேலையைக் கிட்டத்தில் நின்று பார்த்தால், அது வெறும் உடல் பலத்தால் நடப்பதல்ல என்பது புரியும். தேர்ந்த தொழிலாளி சக்கரம் தரையில் இருக்கும்போதே தொடங்குவார். தூக்கிவிட்டால் அது சுற்றும். பள்ளத்தில் அடைந்த மண்ணைக் கம்பி பிரஷால் சுரண்டி எடுப்பார். எண்ணெய் அடித்து ஊறவிடுவதும் உண்டு, ஆனால் தலை மூடிய நட்டில் அது மரைவரை போவது அரிது. பிறகு அவர் செய்வது பார்ப்பவருக்குத் தலைகீழாகத் தோன்றும்: லாக் நட்டை விட்டுவிட்டு மற்ற நட்டுகளைச் சற்று இறுக்குவார். சக்கரத்தை அவை கூடுதலாக அழுத்திப் பிடிக்கும்போது லாக் நட்டின் மேலுள்ள பாரம் குறைகிறது. சாவி இல்லாவிட்டால், நட்டின் வெளிவட்டத்தைவிடச் சற்றே சிறிய பன்னிரண்டு பட்டை சாக்கெட்டையோ, உள்ளே எதிர்மரை வெட்டிய எக்ஸ்ட்ராக்டரையோ சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டும். இங்கே காதுதான் அளவுகோல். சாக்கெட் இறங்கிக்கொண்டிருக்கும்வரை அடி மந்தமாகக் கேட்கும். அடிவரை பிடித்ததும் கணீரென்று மாறும். அந்த ஓசை வரும்முன் அவசரப்பட்டுத் திருகினால் சாக்கெட் வழுக்கி, நட்டின் தலை மொழுமொழுவென்று ஆகிவிடும். அலாய் வீலில் நட் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருப்பதால் உளி வைக்கவும் இடமில்லை. தலையைச் சுற்றித் தனியாகச் சுழலும் வளையம் கொண்ட நட்டாக இருந்தால், வளையத்தை முதலில் எடுத்தாக வேண்டும். அதுவும் முடியாதபோது நடுவில் துளைபோடுவதுதான் கடைசி வழி.

வெல்டிங் வைத்தால் இரண்டு நிமிடத்தில் வந்துவிடுமே என்பார்கள். வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சூடு அலாயின் வண்ணத்தைக் கருக்கி, அதன் வலுவையும் குறைக்கும். ஸ்டட் வழியாக ஹப்புக்கு இறங்கி பேரிங்கின் கிரீஸைக் கெடுக்கும். ஏர் கன் இல்லாமல் கடை நடத்த முடியாது என்பது அதைவிட நியாயமான வாதம். வரிசையாக வண்டிகள் நிற்கும்போது ஒவ்வொரு நட்டையும் கையால் சுழற்று என்று நான் சொல்லமாட்டேன். மற்ற நட்டுகளைக் கழற்றக் கன்னை எடுக்கட்டும். லாக் நட்டை மட்டும் முதலிலிருந்து கையால் ஏற்றி, எல்லா நட்டின் கடைசி இறுக்கத்தையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முடிக்கட்டும். ஒரு சக்கரத்துக்கு இது பிடிக்கும் நேரம் மிகக் குறைவு. அப்படியானால் லாக் நட்டே வேண்டாமே என்ற கேள்வியும் வரும். தொழிலாளி வாங்கும் அதே எக்ஸ்ட்ராக்டரைத் திருடனும் வாங்கலாம், உண்மைதான். ஆனால் இருட்டில் சுத்தியல் அடிக்கத் திருடன் தயங்குவான். விலையுயர்ந்த அலாயைத் தெருவில் நிறுத்துகிறவருக்கு அந்தத் தயக்கமே பாதுகாப்பு. அதனால் லாக் நட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

என்னை உறுத்துவது கூலிதான். பஞ்சர் ஒட்ட ஒரு விலை, வீல் பேலன்ஸிங்குக்கு ஒரு விலை என்று கடையில் பேச்சு உண்டு. அடம்பிடிக்கும் நட்டோடு போராடும் நேரத்துக்குப் பெரும்பாலும் விலை கிடையாது. போன தடவை எவரோ கன்னால் அடித்து இறுக்கியிருப்பார். இன்று அலாயில் கீறல் விழுந்தால் பழி, குனிந்து உட்கார்ந்திருக்கும் இவர் மேல். சிதைந்த நட்டை அலாய்க்குச் சேதமில்லாமல் எடுத்து, ஸ்டட்டின் மரை நன்றாயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, அதே கூம்பு உள்ள புது நட்டைப் போட்டுத் தருவது தேர்ந்த தொழில். அதற்குத் தனிக்கூலி நியாயம்; கீறல் விழலாம் என்பதை வேலைக்கு முன்பே பேசி வண்டிக்காரர் ஒப்புக்கொள்வதும் நியாயம். வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: லாக் நட் சாவியை ஜாக்கியோடு சேர்த்து வையுங்கள், அதனுடன் வந்த குறியீட்டு எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை டயர் கடையில் சக்கரம் மாட்டும்போது பக்கத்தில் நின்று, “அண்ணே, கடைசி இறுக்கம் கையால போடுங்க” என்று கேளுங்கள்.