பையோடு வந்தவர்களின் ஊர்... திருவல்லிக்கேணியை ஒரே நாளில் சுற்றிப் பார்க்கலாம் வாங்க!

விடிந்தும் விடியாத நேரம். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் கடைகளின் ஷட்டர்கள் பாதி திறந்திருக்கின்றன. பால் பாக்கெட் கூடைகள் நடைபாதையில் இறங்குகின்றன. மசூதியிலிருந்து பாங்கு ஒலித்து அடங்க, சற்று நேரத்தில் பெருமாள் கோயில் பக்கமிருந்து திருப்பாவை கேட்கிறது. முதுகில் பை, கையில் இன்னொரு பை, கண்ணில் தூக்கக் கலக்கம்... வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்கிய இளைஞர் ஒருவர் டீக்கடை முன்பு நிற்கிறார். டீயை வாங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, இங்க பக்கத்துல ரூம் கிடைக்குமா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத நாள் திருவல்லிக்கேணிக்குக் கிடையாது. பல தலைமுறைகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்டவர்களில் சிலரின் பெயர்கள் இன்று பாடப்புத்தகத்தில் இருக்கின்றன.

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் மெரினாவில் கால் நனைத்து, சுண்டல் வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். கடற்கரைச் சாலையைக் கடந்து கொஞ்சம் உள்ளே நடந்தால் போதும். ஒரு நாள் முழுக்கப் பார்க்கவும் சாப்பிடவும் யோசிக்கவும் இங்கே விஷயம் இருக்கிறது.

மீசை வைத்த பெருமாள்

காலையில் முதலில் பார்த்தசாரதி கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. அதாவது, ஆங்கிலேயர்கள் வந்து 'மெட்ராஸ்' என்று பெயர் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த ஊருக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது. அல்லி பூத்த கேணி இருந்ததால் அல்லிக்கேணி, 'திரு' சேர்ந்து திருவல்லிக்கேணி.

மூலவர் வேங்கடகிருஷ்ணர், பெரிய மீசையோடு நிற்கிறார். கையில் சங்கு உண்டு, சக்கரம் கிடையாது. போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று சொல்லி அர்ஜுனனுக்குத் தேரோட்டியவர் அல்லவா? தனியாக இல்லாமல் மனைவி ருக்மிணி, அண்ணன் பலராமன், தம்பி சாத்யகி, மகன், பேரன் என்று குடும்பத்தோடு காட்சி தருகிறார். உற்சவரின் முகத்தில் சின்னச் சின்னத் தழும்புகள். பீஷ்மரின் அம்புகள் பட்ட வடு என்று பக்தர்கள் சொல்வார்கள்.

பின்பக்கம் நரசிம்மருக்குத் தனிச் சந்நிதி, தனிக் கொடிமரம். இரண்டு பெருமாளுக்கும் தனித்தனியே பிரம்மோற்சவம் நடக்கிறது. மாசியில் தெப்பம், மார்கழியில் வைகுண்ட ஏகாதசி. அந்த நாள்களில் மாட வீதிகளில் நடக்க இடமிருக்காது. கூட்டம் வேண்டாம் என்பவர்கள் சாதாரண வார நாளில் காலையிலேயே போய்விடுவது நல்லது. பிரசாத ஸ்டாலில் நெய் சொட்டும் சர்க்கரைப் பொங்கலை மறந்துவிடாதீர்கள்.

வாடகை வீட்டில் ஒரு மகாகவி

கோயிலிலிருந்து சில நிமிட நடையில் துளசிங்கப்பெருமாள் கோயில் தெரு. அங்கே இருக்கிறது பாரதியார் இல்லம். பாரதி தன் கடைசிக் காலத்தில் குடியிருந்த வீடு. இப்போது அரசு நினைவு இல்லம். புகைப்படங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் பார்த்துக்கொண்டே நடந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால், மனம் அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது.

1904-ல் 'சுதேசமித்திரன்' உதவி ஆசிரியராகச் சென்னைக்கு வந்தார் பாரதி. 1908-ல் கைதிலிருந்து தப்பப் புதுச்சேரி போனவர், 10 ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். 1920-ல் மறுபடியும் 'சுதேசமித்திரன்' வேலை. தங்கியது திருவல்லிக்கேணியில். தினமும் பார்த்துப் பழகிய கோயில் யானை 1921-ல் ஒருநாள் அவரைத் தள்ளிவிட்டது. நண்பர் குவளைக் கண்ணன் பாய்ந்துபோய் மீட்டார். அந்தக் காயத்திலிருந்து தேறி மறுபடி வேலைக்குப் போன பாரதி, சில மாதங்களில் வயிற்றுக்கடுப்பால் படுத்தார். செப்டம்பரில் இதே வீட்டில் காலமானார். வயது 38. கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு அவர் உடலோடு நடந்தவர்கள் மிகச் சிலரே.

வீட்டைப் பார்க்க வரும் குழந்தைகளுக்கு யானைக் கதை பிடிக்கும். பெரியவர்கள் அந்தக் கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறார்கள்.

குமாஸ்தா வேலைக்கு ஒரு விண்ணப்பம்

பாரதி மட்டுமா? 1912 பிப்ரவரியில், கும்பகோணத்துப் பையன் ஒருவர் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினார். காலேஜ் பரீட்சையில் தேறாதவர். அந்தக் கடிதத்தின் மேலே இருந்த முகவரி, திருவல்லிக்கேணி. எழுதியவர் ராமானுஜன். வேலை கிடைத்தது, மாதம் 30 ரூபாய் சம்பளம். அடுத்த ஆண்டே பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுக்க, இங்கே அனுமந்தராயன் கோயில் தெருவில் குடும்பத்தோடு குடியிருந்தார். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். மீதிக் கதையை உலகம் அறியும்.

அந்தத் தெருவில் இன்று நடந்தால் வரிசையாக பைக்குகள், காய்கறி வண்டி, மாடியில் காயும் துணிகள் என எல்லாத் தெருக்களையும் போலத்தான் இருக்கும். பக்கத்துப் பெரிய தெருவில் இருக்கும் இந்து மேல்நிலைப் பள்ளியில் படித்த மாணவர்களில் ஒருவர், பின்னாளில் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய எஸ்.சந்திரசேகர். 1878-ல் 'தி இந்து' பத்திரிகையை 80 பிரதிகளோடு தொடங்கிய ஆறு இளைஞர்களுக்கு 'திருவல்லிக்கேணி அறுவர்' என்றே பெயர். 1904-ல் தொடங்கப்பட்டு இன்றும் இயங்கும் 'டி.யு.சி.எஸ்' கூட்டுறவுப் பண்டகசாலையின் முதல் எழுத்தும் இந்த ஊரின் ஆங்கிலப் பெயரான டிரிப்ளிகேனைத்தான் குறிக்கிறது.

சாம்பாரில் மிதக்கும் இட்லி

நடந்த களைப்புக்குத் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கஃபே. 1948-லிருந்து நடக்கிறது. இங்கே சாம்பார் தொட்டுக்கொள்ளும் பொருள் அல்ல. இட்லித் தட்டை வைத்ததும் ஜக்கில் சாம்பாரைக் கொண்டுவந்து, இட்லி மூழ்கும்வரை ஊற்றுவார்கள். தீர்ந்தால் மறுபடி ஊற்றுவார்கள். ஸ்பூனால் வெட்டிச் சாப்பிட வேண்டும். பின்னோடு ஒரு ஃபில்டர் காபி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழர்களின் நாக்கைக் கட்டிப்போட்ட இந்த ஹோட்டலைத் தொடங்கியது வட இந்தியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம்!

நவாபின் மசூதி, சிந்திகளின் நோன்பு விருந்து

அதே நெடுஞ்சாலையில் இருக்கிறது வாலாஜா பெரிய மசூதி. 1795-ல் கட்டப்பட்டது. மரமும் இரும்பும் இல்லாமல் கருங்கல்லால் எழுந்த கட்டடம். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768-ல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியேறியபோது, அவரை நம்பியிருந்தவர்களும் பின்னாலேயே வந்து சுற்றுப்புறத்தில் தங்கினார்கள். பெருமாள் கோயில் ஊரில் உருதுக் குரல் கேட்கத் தொடங்கியது அப்படித்தான். ஆற்காடு இளவரசர் குடும்பம் இன்றும் வாழும் அமீர் மகாலும் இந்தப் பக்கம்தான்.

மசூதி கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் பாரசீகப் பாடல் ஒன்று உள்சுவரில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை எழுதியவர் நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன்லால் என்ற இந்து.

அது பழைய கதை என்று நினைப்பவர்கள் ரம்ஜான் மாதத்தில் ஒரு மாலை வந்து பார்க்கலாம். மயிலாப்பூரில் இருக்கும் சூஃபிதார் என்ற அறக்கட்டளையின் தொண்டர்கள் சைவ உணவைச் சமைத்து வேனில் ஏற்றி வந்து, நோன்பு திறப்பவர்களுக்குத் தங்கள் கையாலேயே பரிமாறுகிறார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கும் வழக்கம் இது. அறக்கட்டளையைத் தொடங்கியவர் தேசப் பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து அகதியாக வந்த ஓர் இந்து. எல்லாவற்றையும் இழந்து வந்தவருக்கு இந்த நகரம் ஓர் இடம் கொடுத்தது. அவர் வழிவந்தவர்கள் தலையில் தொப்பி அணிந்து, இங்கே கஞ்சி ஊற்றுகிறார்கள்.

பனிக்கட்டி வீட்டில் கிடைத்த புது வாழ்க்கை

வெயில் தாழ்ந்ததும் கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். வட்ட முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லத்துக்கு, 'ஐஸ் ஹவுஸ்' என்ற பெயர் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமித்துவைக்க 1842-ல் கட்டியது. செயற்கை ஐஸ் வந்ததும் வியாபாரம் படுத்துவிட, பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் வாங்கிக்கொண்டார். 1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள்கள் இங்கே தங்கினார். அவர் சிகாகோ போக வீடு வீடாக நிதி திரட்டிய அளசிங்கப் பெருமாளும் திருவல்லிக்கேணிக்காரர்தான்.

பலரும் கவனிக்காமல் விடும் இன்னோர் அத்தியாயமும் இந்தக் கட்டடத்துக்கு உண்டு. சிறுவயதிலேயே கணவரை இழந்த ஆர்.எஸ்.சுப்புலட்சுமி, 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் தன்னைப்போன்ற இளம் விதவைகளுக்காக விடுதி நடத்தினார். அந்த விடுதி இயங்கியது இதே ஐஸ் ஹவுஸில்தான். மூலையில் உட்காரவைக்கப்பட்ட பெண்கள் இங்கே தங்கிப் படித்து, ஆசிரியைகளாக வெளியே போனார்கள். அலைகளை வேடிக்கை பார்க்க வரும் இன்றைய கல்லூரி மாணவிகள், அந்த ஜன்னல்களையும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம்.

எதிரே மணல். சுதந்திரப் போராட்டக் காலத்தில் பொதுக்கூட்டங்கள் நடந்த 'திலகர் கட்டம்' இந்தக் கரையில்தான் இருந்தது. அயோத்திகுப்பம் மீனவர் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர், 1923-ல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய இரண்டு இடங்களில் ஒன்று திருவல்லிக்கேணி கடற்கரை. வடக்கே கொஞ்சம் நடந்தால் உழைப்பாளர் சிலை. பாறையை நெம்பும் நான்கு பேரின் முதுகுத் தசையைப் பார்த்தாலே கை வலிக்கும்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு, சேப்பாக்கம் மைதானம் நடக்கும் தூரம். 1952-ல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது இங்கேதான். வாசகர்களுக்கு, பைகிராஃப்ட்ஸ் சாலை என்ற பழைய பெயரை விடாத பாரதி சாலையின் நடைபாதைப் புத்தகக் கடைகள். பேரம் பேசத் தெரிந்தால் பை நிறையும்.

ரூம் கிடைக்குமா?

இருட்டியதும் சந்துகளுக்குள் இன்னொரு திருவல்லிக்கேணி விழிக்கிறது. அதுதான் மேன்ஷன்களின் உலகம். நீண்ட வராந்தா, இருபுறமும் எண் போட்ட அறைகள், கொடியில் லுங்கிகள், காலையில் குளியலறை வாசலில் வாளியோடு ஒரு வரிசை. உதவி இயக்குநர், மெடிக்கல் ரெப், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், டெலிவரி வேலை பார்ப்பவர் எல்லோருக்கும் ஒரே கூரை. அறையில் அடுப்பு கிடையாது என்பதால்தான் இந்தத் தெருக்களில் இத்தனை மெஸ்கள், இட்லிக் கடைகள், பரோட்டாக் கடைகள். ஊருக்குப் போன ரூம்மேட் கொண்டுவரும் முறுக்கு, அந்த வாரம் முழுக்கப் பொதுச் சொத்து.

வேலை தென்சென்னையின் ஐ.டி சாலைகளுக்கு நகர்ந்தபிறகு, விடுதிகளும் அங்கே பெருகிவிட்டன. நகரத்தின் நடுவில் நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. பழைய கட்டடத்தை வைத்துக்கொண்டு குறைந்த வாடகைக்கு அறை விடுவதைவிட, அதை இடித்துவிட்டு வேறொன்று கட்டுவது லாபம் என்று ஓர் உரிமையாளர் நினைத்தால், அவரைக் குறைசொல்லவும் முடியாது. ஆனால், அப்படி அறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தால், பரீட்சையில் தோற்ற அடுத்த பையன் எந்த முகவரியிலிருந்து விண்ணப்பம் எழுதுவான்?

கோயில், மசூதி, கடல் எல்லாம் எப்படியும் இருக்கும். கையில் காசு இல்லாதவருக்கும் ஒரு கட்டில் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் இந்த ஊரின் பழைய சொத்து. அதற்கு நினைவு இல்லம் கட்ட முடியாது.

இரவு பத்து மணி. காலையில் டீக்கடையில் நின்ற இளைஞர்களில் எத்தனை பேருக்கு இன்று இடம் கிடைத்ததோ! ஒரு மேன்ஷன் வாசலில் மட்டும் மேனேஜர் சாவியை எடுத்து நீட்டுகிறார். "மூணாவது மாடி தம்பி. தண்ணி காலையில சீக்கிரம் பிடிச்சுக்கோங்க."

கவனத்தில் வைக்க...

* பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி அல்லது சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கலாம். மெட்ரோவில் வருபவர்களுக்கு அரசினர் தோட்டம் நிலையம் வசதி.

* தெருக்கள் குறுகல். காரைத் தவிர்த்து நடப்பதே சுகம். பெரியவர்களோடு வந்தால் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம்.

* கோயில் நடை மதியம் சாத்தப்படும். அதனால் காலையில் கோயில், பிறகு பாரதியார் இல்லம், மாலையில் விவேகானந்தர் இல்லமும் கடற்கரையும் என்று திட்டமிடுங்கள். இரண்டு இல்லங்களுக்கும் வாராந்தர விடுமுறை உண்டு. முன்பே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

* மசூதிக்குச் செல்பவர்கள் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே போகவும்.

* மெரினாவில் அலையும் சுழலும் அதிகம். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளிக்க வேண்டாம்!