வாலை வைத்த முதல் நாள்

போடிநாயக்கனூர் மலைச்சரிவில், ஏலத்தோட்டத்து ஓரமாகத் தைலப்புல் வைத்திருந்த ஒரு பெண் எண்ணெய் வடிக்க எவர்சில்வர் வாலை ஒன்று வாங்கினார். "சாராயமா காய்ச்சப் போறே?" என்று அக்கம்பக்கம் சிரித்தது. சாராயம் காய்ச்சினால் குற்றம்; அவர் வடிக்க நினைத்தது புல்லெண்ணெய். 100 கிலோ பச்சைப்புல்லில் பெரும்பாலும் அரை கிலோவுக்குள்தான் எண்ணெய் கிடைக்கும். அந்த ஆசையில் முதல் நாளே கலன் நிறையப் புல்லைத் திணித்துவிட்டார்.

சிறிது நேரத்தில் சொட்டு நின்றது. மூடி ஓரம் ஆவி சீறியது. திறக்கப் போனவரை மாமியார் தடுத்தார்: "கையை வைக்காதே தாயி, முதல்ல தீயை இழு." விறகை இழுத்துப் போட்டு, கலன் ஆறும்வரை எல்லோரும் விலகி நின்றார்கள். திறந்தபோது குழாய் வாயில் புல் தூசு அடைத்துக் கிடந்தது.

இப்போது அந்த வீட்டில் சல்லடைத் தட்டுக்குக் கீழே தண்ணீர் வற்ற விடுவதில்லை. புல்லைத் தளர்வாக, கலன் கழுத்துக்கு ஒரு சாண் கீழேதான் நிரப்புகிறார்கள். வடித்து ஆறியதும் வெந்நீரில் தேய்த்துக் கழுவி, குழாயில் தண்ணீர் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துக் கவிழ்த்து வைக்கிறார்கள். புது வாலையில் முதல் வடிப்பு வெறும் தண்ணீர்தான்; அதைக் கொட்டிவிட வேண்டும்.

தீ மூட்டும் முன் குழாயில் ஊதிப் பார்ப்பது மட்டும் இன்றும் மாமியாரின் வேலை.